பட்டது வேறு, ஒட்டியது வேறு

இன்று காலை எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் புதுப் பலகை ஒன்றை மாட்டினார்கள். ‘கதிர்வீச்சம் பட்டவருக்கு முதலுதவி’ என்று அச்சடித்திருந்தார்கள். ‘கதிர்வீச்சு’ என்று இருக்க வேண்டியது; இந்த ஊரில் வீச்சம் என்றால் மீன் நாற்றம்தான். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வரியைப் படித்ததும் நின்றுவிட்டது. ‘அளவிடும் கருவி வரும்வரை காத்திருக்கவும்.’

பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. நான் டாக்டரானேன், நீ கதிர்வீச்சு ஆராய்ச்சிக்குப் போனாய். விபத்தில் அடிபட்டு வருகிறவர் மேல் கதிர்வீச்சும் பட்டிருந்தால் எதை முதலில் கவனிப்பது என்பதுதான் உன் ஆய்வு. அதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் வார்டுக்கு வந்தபோது ஆயாம்மா கேட்டார்: “நாத்தம் ஒண்ணும் வராதுங்கியளே, பொறவு எப்படிம்மா கண்டுபிடிக்க?” எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே பாடத்தை மாற்றி எழுதி என்னிடம் படித்துக் காட்டினாய்.

“பட்டது வேற, ஒட்டுனது வேற ஏளா. வெயில் பட்டவனத் தொட்டா நம்ம கை சுடுமா? தூசியா ஒட்டியிருந்தா சட்டையக் கழட்டு, கழுவு. ரெண்டுக்கும் முன்னால ரத்தத்த நிறுத்து.”

இவ்வளவு எளிதாகச் சொல்லியும் நான் தோற்றேன்.

துறைமுகத்துப் பக்கம் குழாய் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் தொழிலாளி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தார். தொடை கிழிந்து ரத்தம் கொட்டக் கொட்டக் கொண்டுவந்தார்கள். சட்டையில் கதிர்வீச்சின் மஞ்சள் அடையாளத்தைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர்கள் வாசலிலேயே விட்டு விலகிவிட்டார்கள். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளையைச் சாக்குச் சொல்ல மாட்டேன். நான் தொடாவிட்டாலும் மற்றவர்களைத் தொடச் சொல்லியிருக்கலாம். “மீட்டர் வரட்டும்” என்று சொல்லி உனக்குப் போன் செய்தேன்.

நீ வந்து சேர இருபது நிமிடம் ஆனது. மீட்டரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவர் தொடையை அழுத்தினாய். “ஏளா, இங்கன வா!” என்று நீ கத்திய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பின்னால் அளந்து பார்த்தோம், அவர்மேல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சாயங்காலம் அவர் இறந்துபோனார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக் கேட்டார்: “கொண்டுவந்த ஒடனே பாத்தியளாம்மா?”

“பார்த்தோம்” என்றேன். பக்கத்தில் நின்ற நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

ஒரு மாதம் கழித்து வந்தாய். “அந்த இருபது நிமிசத்த ஆய்வுல எழுதணும். பேரு போடமாட்டேன். ஆனா நீ சரின்னாத்தான்.” அது இல்லாவிட்டால் உன் கட்டுரை அரைகுறை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “உன் கட்டுரைக்கு என் மானந்தான் கெடச்சுதா?” என்றேன். அந்த வரி இல்லாமலேதான் கட்டுரை வெளிவந்தது. என் பிள்ளை பிறந்தபோது வந்தாய், தூக்கிக் கொஞ்சினாய். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவே இல்லை. போன ஆடியில் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஒரே நாளில் போய்விட்டாய். நான் சரி என்று சொல்ல அவகாசம் கொடுக்கவில்லையே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. அவகாசம் ஏழு வருடம் இருந்தது.

பலகையைக் கழற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். எல்லோர் முன்னாலும் அன்று நான் காத்திருந்ததைச் சொன்னேன். அதே வேகத்தில் மத்தியானம் அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போக முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். இருபது நிமிடத்தையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கேட்டார்: “அப்போ அவியள மொதல்ல தொட்டது யாரு?”

உன்னைப் பற்றிச் சொன்னேன்.

“அந்தம்மா நல்லா இருக்காவளா?”

இருக்கிறாள் என்று சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது. அவரிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. நீ போய்விட்டதைச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன்னை விசாரித்த அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் திரும்பி வந்தேன்.