பதினோராவது பெட்ஷீட்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, உன் தங்கைக்குச் சளி, ஆனாலும் வாய் குறையவில்லை. நாலு நாளாக நீ போன் செய்தும் நான் எடுக்காதது மறதியால் அல்ல, கோபத்தால்தான். போனில் என்றால் குறுக்கே புகுந்து பேசுவாய், அதனால் கடிதம். முழுக்கப் படி.

புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்றதும், "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா" என்று சிரித்தாய். போகட்டும். தங்கை வாங்கித் தந்த புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு குட்டி உதாரணம், தினம் ஒன்று போட்டேன். முதல் உதாரணத்தில் திரையில் வணக்கம் வரவேண்டும், நான் சாப்பாடு ரெடி என்று வரவைத்தேன், அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார், நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அப்புறம் இரண்டு எண்ணைக் கூட்டுவது, ஏழாம் வாய்ப்பாடு, இப்படியே ஒரு மாதம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெட்ஷீட் கணக்கை நோட்டில் எழுதி எழுதி விரல் மரத்துப்போகிறது, அதற்கு நானே ஒன்று எழுதிப் பாதிவரை வந்தேன். ஓர் இடத்தில் சிக்கியது, உன்னிடம் கேட்டேன். நீ என்ன செய்தாய்? அங்கிருந்தபடியே என் லேப்டாப்புக்குள் புகுந்து, நான் எழுதியதையெல்லாம் அழித்து, பத்தே நிமிடத்தில் நாலு வரியில் முடித்து, "அவ்ளோதான்மா, தொடாம அப்படியே ஓட்டு" என்று போய்விட்டாய்.

ஓட்டினேன். நாற்பது பெட்ஷீட் குறைகிறது என்றது. மறுநாளும் நாற்பது. மேனேஜர் துணி மடிக்கும் அக்காவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பையைத் திறக்கச் சொன்னார். பதினாறு வருடமாக என் பக்கத்து மேசையில் மடிக்கிறவர். பையில் டிபன் டப்பாவும் மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன. "திங்கக்கிழமைக்குள்ள கணக்கு சரியா வரலேன்னா நீங்க வேலைக்கு வர வேண்டாம்" என்றார். அக்கா டப்பாவையும் கண்ணாடியையும் திரும்பப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் நாலு வரியில் எங்கே தப்பு என்று தேடினேன், ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

அதனால் உன்னுடையதை அழித்தேன். ஆமாம், முழுவதும். ஞாயிறு காலையில் உட்கார்ந்து, புத்தகத்துக் குட்டி உதாரணங்களை ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு நானே எழுதினேன். மூட்டைக்கு எத்தனை என்ற வரிக்கு வந்து பத்து என்று போட்டதும் கை நின்றுவிட்டது. அழுக்குத் துணியை மெஷினில் போடும்போது ஒவ்வொன்றாக எண்ணுவோம். துவைத்து வந்ததும் பத்தை மடித்துப் பதினோராவதால் மூட்டை கட்டுவோம். கட்டுகிற துணியும் பெட்ஷீட்தானே. வாயால் பத்து என்போம், நோட்டில் பதினொன்று எழுதுவோம், எல்லார் கைக்கும் பழகியது, யாரும் சொல்வதில்லை. தினம் நாற்பது மூட்டை, மூட்டைக்கு ஒன்று விட்டுப்போனால் நாற்பது. நீ "மூட்டைக்கு எத்தனைம்மா" என்று கேட்டபோது நானும் பத்து என்றுதான் சொன்னேன். அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டுபிடித்ததும் நான்தான். பத்தொன்பது வரி வந்தது, நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய், அடித்துக்கொள். திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் ஓட்டினேன், ஒன்றுகூடக் குறையவில்லை. பையைத் திறக்கச் சொன்னது எல்லார் முன்னாலும், மன்னிப்பும் எல்லார் முன்னாலும் கேளுங்கள் என்றேன். கேட்டார்.

நீ உள்ளே வருகிற பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். தங்கையை நச்சரிக்காதே, அவளுக்கும் தெரியாது. அடுத்து ஆபரேஷன் தியேட்டர் துணிக்கு எழுதப்போகிறேன், சிக்கினால் கேட்பேன், வாயால் மட்டும் சொல். நீ ஷூ லேஸ் கட்டப் பழகிய மாதம் முழுக்க நான் வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். ஒரே இழுப்பில் நானே கட்டியிருக்கலாம். கட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், எடுக்கிறேன். பேசும்போது உன் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பத்தொன்பது வரி எழுதிய உன் அம்மா