மூன்றாம் தொட்டி

நாள் 203 | 06:10
வியாழனின் நிலா யூரோப்பா, பனித்துளை நிலையம். பதிவு: ஜெமீமா, உயிரியல். வேறு யாரும் இல்லை. துளையின் வெப்பம் சீர். கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து நாற்பது லிட்டர் நீரை மூன்றாம் தொட்டிக்கு ஏற்றினேன். சோதித்து முடித்த நீரை வழக்கம்போல் கடலுக்கே திருப்பிவிட்டேன்.

நாள் 209 | 14:25
மூன்றாம் தொட்டியில் உயிரணுக்கள். பெருகுகின்றன. படங்களைப் பூமிக்கு, ஆய்வு மையத்துக்கும் வீட்டுக்கும் அனுப்பினேன். பாளையங்கோட்டையிலிருந்து அக்கா ஹெப்சிபா: "ஏட்டி, கர்த்தர் ஆறு நாள்ல முடிச்சத நீ ஏழு மாசமாவா தேடுத?"

நாள் 210 | 09:00
இவற்றின் மரபணு எழுத்துகள் நம்முடையவற்றிலிருந்து வேறானால், உயிர் இருமுறை தானாகவே தோன்றியிருக்கிறது. ஒன்றேயானால்? அக்கா ஒரே படைப்பாளி என்பாள். ஆய்வுத் தலைவர் நாச்சியப்பன், விண்கல்லில் வந்த ஒரே மூதாதை என்பார். பதினைந்து வயதிலிருந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், எங்கும் நிலைகொள்ளவில்லை. இங்கு வந்ததே இந்த விடைக்காகத்தான். யாரிடமும் சொன்னதில்லை.

நாள் 212 | 17:40
எழுத்துகள் ஒன்றே.
நாச்சியப்பன்: "ஒரே மூதாதை. நாளைக்கு அறிவிக்கிறேம்மா."
அக்கா: "சபையில ஸ்தோத்திர ஜெபம் வச்சிருக்கோம்ட்டி. ரெண்டு கடலுக்கும் ஒரே கைதான்."

நாள் 213 | 11:20
தூக்கமில்லை. முழு மரபணு வரிசையையும் பூமியின் உயிர்களோடு ஒப்பிட்டேன். ஈஸ்ட். ரொட்டியைப் புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட்.
கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் செய்வதுபோல உலர்திராட்சையில் ஈஸ்ட் சேர்த்து ஒயின் ஊறப்போட்டிருந்தேன். கதகதப்பான இடம் ஆய்வறை ஒன்றுதான். தினமும் ஜாடியைத் திறந்து மரக்கரண்டியால் கிளறினேன், மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று. அந்தத் தொட்டி நீர் ஆறு வாரமாகக் கடலுக்குள் போகிறது.

நாள் 214 | 08:05
நான் வந்த முதல் நாள் எடுத்த நீர் ஒரு சீசாவில் முத்திரையோடு இருந்தது. திறந்தேன். அறுகோண மணிகள். இதுவரை தூசி என்று ஒதுக்கியவை. நகர்கின்றன, இரண்டாகின்றன. நம் எழுத்து எதுவும் அவற்றில் இல்லை.
இன்றைய கடல்நீரில் ஒரு மணி கூட இல்லை. ஈஸ்ட் மட்டும்.
இருவருக்கும் எல்லாவற்றையும் எழுதினேன்.

நாள் 214 | 10:50
நாச்சியப்பன்: "வலியது பிழைச்சுது. இயற்கை அப்படித்தாம்மா."
அக்கா: "அதுகளும் அவரு உண்டாக்குனதுதான. அவருக்குத் தெரியாமலா போவும்? அழாதட்டி."
இருவரும் என்னைத் தேற்றுகிறார்கள். கரண்டி என் கையில் இருந்தது.

நாள் 214 | 15:30
துளையை உறையவிட்டேன். இதைப் படிப்பவர் திறக்க வேண்டாம்.
சீசாவில் காலையில் முப்பத்தொரு மணிகள். இப்போது ஒன்பது. சீசாவையும் ஜாடி இருக்கும் இதே அறையில்தான் திறந்தேன். யோசிக்கவில்லை.
15:52 ஐந்து.
16:10 இரண்டு. ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. சுற்றிலும் ஈஸ்ட் மொட்டு விடுகிறது.
16:14 ஒன்று. எழுதி முடிப்பதற்குள் அதுவும் இல்லை.