கூட்டாமல், குறைக்காமல்

1986 மார்ச் 8, சனி

தென் லண்டன், சட்டன் நூலகத்துப் போட்டோக்கொப்பி மெஷின் இன்றைக்கும் பக்கத்தின் இடது ஓரத்தைத் தின்றுவிட்டது. அறுபது பிரதி எடுத்த பிறகுதான் கண்டேன். ரோரி ஹாலம் மூக்குக்கண்ணாடி மாற்றிய செய்தி அந்த ஓரத்தில்தான் இருந்தது. திரும்ப எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால், நான் வாடகைக்கு இருக்கிற அறையின் வீட்டுக்காரர் பத்மநாதன் அண்ணை வழக்கமான கேள்வியோடு நிற்கிறார். "என்ன பிள்ளை, உன்ர ஆள் இண்டைக்குச் சாப்பிட்டவரோ?"

"ஓம், ரெண்டு முட்டை" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. பத்திரிகையில் வந்திருந்தது.

பகலில் கவுன்சிலில் பெனிபிட் உதவிப்பணப் படிவம் பார்க்கிறேன். மாலையில் ரோரி என்கிற அந்தப் பாடகனின் ரசிகர்களுக்குச் செய்திப் பக்கம் தட்டச்சு செய்கிறேன். இருநூற்றுச் சொச்சம் பேர். தங்கள் விலாசத்தைத் தாங்களே எழுதி, முத்திரையும் ஒட்டி, வெறும் கவர்களை நாலைந்தாக அனுப்பிவைப்பார்கள். மாதம் ஒரு தடவை அதற்குள் செய்தியை வைத்துத் திருப்பி அனுப்புவோம். தொடங்கினவள் வெண்டி. நியூஸ்லெட்டரின் முன்பக்கமும் படங்களும் அவளுடையவை. செய்தி என்னுடையது. கவர்கள் என் அலுமாரிக்கு மேல்.

அங்கே என் பேர் ஏமி. அருமைநாயகி என்று சொல்ல வெண்டி முதல் நாளே பட்ட பாட்டைப் பார்த்து, நானே சுருக்கிக் கொடுத்தேன்.

1988 அக்டோபர் 12, புதன்

என் பிழை. ஹல் நகரில் ரோரி ஒருவேளை பாடக்கூடும் என்று அவருடைய அலுவலகத்தில் சொன்னார்கள். இடம் காணாது என்று அந்த "ஒருவேளை"யை வெட்டிவிட்டேன். பதினொரு பேர் ரயிலேறிப் போய், பூட்டின மண்டபத்துக்கு முன்னால் மழையில் நின்றிருக்கிறார்கள். ஒருத்திக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரி.

வெண்டி ஏசவில்லை. ஒரு அட்டையில் எழுதித் தந்து, தட்டச்சு மெஷினுக்கு மேல் ஒட்டச் சொன்னாள். அவர் சொன்னது முழுவதும், கூட்டாமல், குறைக்காமல். ஒட்டிவிட்டேன். ஏசியிருந்தால் நல்லது.

1990 சூலை 13, வெள்ளி

அரை நாள் லீவு. மோர்டனிலிருந்து நோர்தேர்ன் லைன் ரயிலில் ஆர்ச்வே. முதலில் முருகன் கோயில், பிறகு ரசிகர் கூட்டம். இரண்டுக்கும் இடையில் திருநீற்றைத் துடைத்தேன். எதற்கு? ஒருவரும் துடைக்கச் சொல்லவில்லையே.

ரோரி பிறந்த தெரு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்கு முன்னால் எல்லாருமாகப் படம் எடுத்தோம். வெண்டி என்னைக் கையில் பிடித்து நடுவில் நிறுத்தினாள். சந்தோசமாக இருந்தது. அடிக்கடி இப்படி எழுதுகிறவள் இல்லை நான், அதனால் குறித்துவைக்கிறேன்.

பதினாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, வகுப்பில் ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்தேன். அப்போதுதான் ரோரியின் முதல் இசைத்தட்டு வந்தது. வெட்கப்படுகிறவன், வெளியே நிற்கிறவன், ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பாடுகிறவன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினேன். இந்தக் கூட்டத்தைத் தவிர எனக்குச் சினேகிதர் என்று வேறு யாரும் இல்லை.

1992 செப்டம்பர் 9, புதன்

இசை வாரப் பத்திரிகையில் நான்கு பக்கப் பேட்டி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில், பிறந்த தெருவுக்குப் போவதுண்டா என்று கேட்கிறார்கள். பதில்:

"போன மாதம் போனேன். மணிச்சத்தம், மசாலா மணம், கோயில் வாசலில் செருப்புக் குவியல். பஸ் வரிசையில் பேசிய ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. யாரோ கேட்காமலே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி. அவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விட்டால் நான் அழப்போவதில்லை."

அடுத்த கேள்வி, புது இசைத்தட்டின் அட்டைப் படம் பற்றி.

போன மாதம் எந்த நாள் என்று போடவில்லை. நான்கு வெள்ளியும் நான் போயிருந்தேன். என்னுடையது பழுப்புச் செருப்பு, ஒரு வார் தைத்தது.

பிற்பகல் முப்பத்தொரு படிவம் பார்த்தேன். ஒரு பிழையும் விடவில்லை.

செப்டம்பர் 10

சீ. என்ன மனுசனடா நீ.

செப்டம்பர் 12, சனி

வெண்டி வீட்டில். தேத்தண்ணீர் ஊற்றும்போதே சொன்னாள், பேட்டியில் அந்தத் துண்டை விட்டுவிடலாம் என்று. அவர் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாராம். நாங்கள் அரசியல் போடுவதில்லையாம். "உன்னையா சொன்னார், ஏமி? நீ எங்களில் ஒருத்தி."

அவர் தின்ற முட்டையைக் கூடப் போட்டோமே என்றேன். அட்டையில் எழுதித் தந்தவள் நீதானே என்றேன்.

"இந்த ஒரு தடவை மட்டும்" என்றாள். இல்லாவிட்டால் பக்கத்தை வேறு ஆளிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. என் கைமேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15

இங்கேயாவது உண்மையை எழுதினால் என்ன? விட்டுவிட வேண்டும் என்று வெண்டியைவிட எனக்குத்தான் ஆசை. நாலு வரிதானே. வெட்டினால் ரோரியும் மிஞ்சுவார், வெண்டியும் மிஞ்சுவாள், பக்கமும் என்னோடு இருக்கும். அண்ணைக்கும் தெரியவராது. இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருசத்தில அந்தாளுக்கு முன்னால எத்தினை தரம் இவனுக்காக வாயடிச்சிருப்பன்.

ஆனால் வெட்டிவிட்டு அடுத்த மாதம் என்னத்தை எழுதுகிறது? கண்ணாடி மாத்தினதையோ?

செப்டம்பர் 19

வெண்டிக்குப் போன் எடுத்தேன். முழுவதும் போடுவதென்றால் போடுகிறேன், இல்லையென்றால் நான் இல்லை என்றேன். இந்த மாத நியூஸ்லெட்டர் செய்திப் பக்கம் இல்லாமலே போகும் என்றாள்.

செப்டம்பர் 27, ஞாயிறு

ஆளுக்கு ஒரு கவர் மட்டும் வெண்டி எடுத்துப்போனாள். மிச்சம் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. செய்தி வர வேண்டும் என்றுதானே அவர்கள் முத்திரை ஒட்டினார்கள்?

வெள்ளி இரவு தட்டச்சு செய்தேன். பேட்டி முழுவதும், முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை. என் சொல் ஒன்றும் இல்லை. கீழே வழக்கமாக "ஏமி" என்று வருகிற இடத்தில், அருமைநாயகி சபாரத்தினம், சட்டன். நேற்று நூலகத்தில் இருநூற்றுப் பதினாலு பிரதி.

மத்தியானம் மேசையில் மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணை வந்து ஒன்றை எடுத்து வாசித்தார். நின்றபடியே, முழுவதும். பகிடி வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"இவனுக்கோ பிள்ளை இவ்வளவு நாளும்..." என்று தொடங்கினார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "எத்தினை கவர் கிடக்கு? இஞ்சால தா, நான் மடிக்கிறன்."

அப்போதுதான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி மடித்துக்கொண்டிருந்தார். கோணல் மாணலாக மடிக்கிறார், அதையும் சொல்ல ஏலாது.

அக்டோபர் 1

வெண்டி போனில். நான் ரசிகர் குடும்பத்தை உடைத்துவிட்டேனாம். அடியில் என் பேர் இருக்கிறதே, பார்த்தாயா என்றேன். பார்த்தாளாம், எப்படி வாசிப்பது என்று தெரியவில்லையாம். ஏழு வருடத்தில் முதல் தடவை கேட்டாள். மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். அவளும் சொல்லிப்பார்த்தாள். பாதியில் குரல் உடைந்து, போனை வைத்துவிட்டாள்.

அவளையும் எனக்குப் பிடிக்கும். அது போய்விடவில்லை.

அக்டோபர் 20

இதுவரை இருபத்துமூன்று கடிதம். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போ என்று ஒன்பது. இவரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, இனிச் செய்தி வேண்டாம் என்று ஐந்து. மற்ற ஒன்பது பேரும் புது இசைத்தட்டு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஒன்பது பேருக்கும் பதில் போட்டேன். நவம்பர் 16, ஒருவேளை.

நவம்பர் 7

மிஞ்சிய கவர்களை வெண்டியிடம் திருப்பி அனுப்பினேன். வெள்ளி பின்னேரங்களில் கோயிலால் நேரே வீட்டுக்கு வருகிறேன். நேரம் நிறைய இருக்கிறது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

1993 மே 15, சனி

அண்ணையோடு சவுத்தாலுக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பி வருகிற வழி. சிக்னலில் கார் நிற்கிறது. ரேடியோவில் கிற்றார், பிறகு அந்தக் குரல்.

அண்ணை பாய்ந்து நிற்பாட்டப் போனார்.

"விடுங்கோ அண்ணை. பாடட்டும்."

முழுவதும் கேட்டேன். நல்ல பாட்டு. நல்ல பாட்டாக இருந்ததுதான் வயிற்றெரிச்சல். மோசமாகப் பாடித் தொலைத்திருக்கலாம்.

பாட்டு முடிந்தது. அண்ணை பழைய வழக்கத்தில், ஆனால் பகிடி இல்லாமல் கேட்டார்.

"இது புதுசோ பிள்ளை, பழசோ?"

"தெரியாது அண்ணை" என்றேன்.