ஏழு கண் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பொன்னேரிச் சந்தைக்கு வெளியே ரோட்டோரமாக நனைந்த நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். முளைவிட்ட நெல். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். வெள்ளம் வடிந்த பிறகு உன் ஊரில் ஒரு வாரம் இதே வாடைதான். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இதே வாடைதான்.

உருக்கமாக எழுத எனக்கு வராது. உனக்கும் அது பிடிக்காது. நடந்ததை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரப்போகின்றன, லாரி போக அகலமான புதுச்சாலை வேண்டும் என்று என்னை சர்வேக்கு அனுப்பினார்கள். சிவில் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் களத்தில் கூடாரம் போட்டேன். சித்திரை மாதம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலையில் கூழும் மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் உன் வீட்டிலிருந்து வரும். "ஓவர்சியரு வயிறு நம்ம ஏரி மாதிரி. எவ்ளோ ஊத்தினாலும் தாங்குது" என்று உன் வீட்டுக்காரரிடம் என் காதில் விழுகிற மாதிரியே சொல்வாய். நான் வெட்கமில்லாமல் இன்னொரு கரண்டி கேட்பேன்.

சாலை ஆள் உயர மண்மேட்டின் மேல் வரப்போகிறது. மேற்கே உங்கள் ஊரும் ஏரியும். கிழக்கே பழவேற்காடு வரை தாழ்ந்த வயல். மழைத் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போயாக வேண்டும். அதற்காக மேட்டின் அடியில் திறப்புகள் விடுவோம். கண் என்போம். எத்தனை கண் என்பது வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பதைப் பொறுத்தது. அதை அளக்கக் கருவி கிடையாது. ஊராரை விசாரித்து எழுத வேண்டும்.

"தண்ணி ஓடற வாய்க்காலக் காட்டுக்கா" என்றேன்.

"ஓடாது நைனா. நடந்து வரும். இந்தக் கொல்லையிலேர்ந்து அந்தக் கொல்லை மட்டும், அகலமா. நீ இன்னாத்துக்கு வாய்க்காலத் தேடிக்கினுகீற?"

பாடத்தில் தண்ணீர் வாய்க்காலில்தான் ஓடும். நீ சொன்னதை நான் குறித்துக்கொள்ளவே இல்லை.

விசாரணை நாளில் ஊரே களத்தில் கூடியது. ஒருவர் ஆளுயரம் என்றார். இன்னொருவர் கூரை மட்டம் என்றார். வெள்ளம் அதிகம் என்று பதிவானால் அந்த வருஷ நிலத்தீர்வை தள்ளுபடியாகும். அதனால் எந்த அதிகாரி வந்து கேட்டாலும் உயர்த்திச் சொல்வது ஊரின் பழக்கம். சொன்னதைப் பாதியாக்கி எழுதுவது எங்கள் பழக்கம். "இடுப்புன்னு சொன்னா முழங்கால்னு எழுது" என்று என் மேலதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டு தரப்புக்கும் தெரிந்தே நடக்கிற ஆட்டம்.

நீ மட்டும் அவர்கள் மேல் பாய்ந்தாய். "கூரை மட்டமா? நீ கூரை மேல குந்திக்கினு பாத்தியாடா? இந்த ஆளு தாசில்தார் இல்ல. ரோடு போட வந்துகீறாரு. உள்ளதச் சொல்லுங்க." பிறகு நான் கொடி நட்டிருந்த இடத்துக்கு விறுவிறுவென்று போய் நின்று, உள்ளங்கையைக் கழுத்தில் குறுக்கே வைத்துக் காட்டினாய். "இம்மாந்தான். ஒரு விரக்கடை கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல."

நான் இடுப்பு என்று எழுதினேன்.

கழுத்துக்குக் கணக்குப் போட்டால் ஏழு கண் வரும். இடுப்புக்கு மூன்று. கூடாரத்துக்குக் கூழ் கொண்டுவந்தபோது மேசையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூணு பொந்து இன்னா?" என்று கேட்டாய். சொன்னேன். கழுத்துக்கு எத்தனை என்று கேட்டாய். அதையும் சொன்னேன். அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். "ஊர்க்காரங்க சொல்றதுல பாதியத்தான் எழுதணும்கா. அதான் வழக்கம்" என்று ஏதோ பெரிய சூத்திரம் மாதிரி விளக்கினேன்.

"நான் பொய் சொன்னேனா?"

வெளியே என் ஆட்கள் நாலு பேர் பீடி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "நீ குள்ளம்கா. உன் கழுத்தெல்லாம் ஒரு கழுத்தா? எனக்கு அது நெஞ்சு. பாதிக்குப் பாதி போட்டிருக்கணும், பாவம்னு இடுப்பு போட்டேன்."

சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "நெட்டையா இருந்தா தண்ணி பயந்துகினு போயிடுமா?" என்று சொல்லிவிட்டுக் கூழ்ச் சட்டியை வைத்துவிட்டுப் போனாய். "ஏழு வை" என்று வாசலில் திரும்பி ஒரு தரம் சொன்னாய். சண்டைக் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது காதை விட்டுப் போகவில்லை.

மூன்றுதான் வைத்தோம்.

சாலை போட்டு இரண்டாம் வருஷம் ஐப்பசியில் புயல் அடித்தது. விடிந்ததும் என்னை அங்கே அனுப்பினார்கள். ஊரைக் காப்பாற்ற இல்லை, சாலையைக் காப்பாற்ற. மேட்டின் மேல் நின்று பார்த்தேன். மேற்கே உன் ஊர் கூரைகளாக மட்டும் தெரிந்தது. கிழக்கே வயலில் கணுக்காலுக்குத் தண்ணீர், கொக்கு மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் நான் போட்ட சாலை. மூன்று கண்ணும் மூச்சு முட்டித் துப்பிக்கொண்டிருந்தன.

நீதான் குழந்தைகளையும் கிழங்கட்டைகளையும் மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாய். ஆண்கள் மண்வெட்டியோடு வந்து சாலையை வெட்டப் போனார்கள். நான் குறுக்கே நின்றேன்.

"உத்தரவு இல்லாம வெட்டக் கூடாது."

"உத்தரவு யார் கையில கீது?"

"மேல."

"மேல வானம்தான் கீது" என்றாய். எனக்கு அப்போதும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

டெலிபோன் கம்பி அறுந்துபோயிருந்தது. உத்தரவு கேட்டு ஜீப்பைத் திருவள்ளூர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வெட்டினால் என் வேலை போகும். வெட்டாவிட்டால் என்ன போகும் என்று யோசிக்கவில்லை. நீ கொட்டகையில் கட்டியிருந்த இரண்டு மாட்டையும் அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நீந்திப் போனாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மாடுகள் நீந்தி வந்தன. கொட்டகையின் மண்சுவர் உன் மேல் விழுந்திருந்தது.

மத்தியானம் உத்தரவு வந்தது. சாலையை வெட்டினோம். சாயங்காலத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. அவ்வளவு சுலபமாக.

உன்னைக் களத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் பத்தடி தள்ளி, இடியாமல் நின்ற சுவரில் தண்ணீர்க் கறையை அளந்துகொண்டிருந்தேன். அறிக்கைக்கு வேண்டும். உன் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா சார், எவ்ளோ கீது?"

சொன்னேன்.

"பாதி போட்டுக்கினியா?"

கறை உன் கழுத்துக்கு மேல் ஒரு முழம் இருந்தது. கழுத்து என்பது சாலை இல்லாத காலத்துத் தண்ணீர். அதை நீ சரியாகச் சொன்னாய். சாலையைப் போட்டால் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியவன் நான். அதற்குத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள்.

அடுத்த கோடையில் நான்கு கண் சேர்த்துக் கட்டினோம். படத்தை நான்தான் வரைந்தேன். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. காரணம் எழுதும் இடத்தில், "உள்ளூர் விசாரணையில் உறுதி செய்யப்பட்டது" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். உன் பெயருக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை.

இப்போது பழவேற்காடு ஏரிக்கரைப் பக்கம் இன்னொரு சாலை வரப்போகிறது. போன வாரம் மீன்பிடிக்கிற குப்பத்தில் விசாரணை. வலையை உதறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தண்ணீர் தோள் மட்டும் வரும் என்றாள். உடனே எனக்குள் ஒருவன், "தோளா? தொப்புள்னு எழுது" என்றான். பேனா கிட்டத்தட்ட எழுதியேவிட்டது. அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். நிறுத்திவிட்டுத் தோள் என்று எழுதினேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே, அக்கா. நீ செத்தும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்து நிறுத்தித்தான் எழுதுகிறேன்.