பின்வரிசைக் கைதட்டல்

அன்புள்ள அண்ணா,

எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி இனித் தலையெடுக்காது என்று நீ பத்திரிகையில் எழுதியதிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை.

இன்றைய முதலீட்டாளர் கூட்டத்தில் புது லேப்டாப்பை நான்தான் காட்டினேன். கை தவறி, அது மேடையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. எடுத்துத் திறந்தேன், ஒன்றும் ஆகாததுபோல் ஓடியது.

முன்வரிசைப் பெரியவர், "பங்கையெல்லாம் வித்துடலாம்னுதான் வந்தேன்மா. இப்ப இன்னும் கொஞ்சம் வாங்கலாம்னு தோணுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ எழுந்து நின்று கைதட்ட, அரங்கமே சேர்ந்துகொண்டது. யாரென்று பார்ப்பதற்குள் அந்த ஆள் நழுவிவிட்டார்.

சந்தேகப்பட்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

"எங்க போயிட்டு வந்தார்னு தெரியலம்மா. வந்ததுலேர்ந்து உள்ளங்கை எரியுதுங்கறார்" என்றார்.

நாளைக்கு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்துவிடுங்கள்.

உன் வாயாடித் தங்கை