முதலில் பெயர், பிறகு கதவு

ஹால்வர் பே, மினசோட்டா
4 அக்டோபர் 2018

மதிப்புக்குரிய மேடம்,

நலம். நீங்களும் நலம்தானே. போன் செய்தால் எடுப்பதே இல்லை என்று குறைப்பட்டீர்களாம். அந்தச் சனியன் மணி அடித்தால் எனக்கு முதுகு வேர்க்கிறது. மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். கடிதம் போடுங்கள், ஒழுங்காகப் பதில் போடுகிறேன்.

நீங்கள் பிடித்துக் கொடுத்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது. பாலத்தடியில் வருஷக்கணக்காகக் கிடந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். ஆனால் ஜன்னலுக்கு வாத்துப்படம் போட்ட திரைச்சீலை மாட்டியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கட்டிலில் என் கோட்டு படுத்துக்கொள்கிறது. நான் வாசல் கதவோரம் தரையில், பூட்ஸோடு படுக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு காரியம் கேட்கிறேன். பாலத்தடியில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. யாரும் யாருடைய கூடாரத் துணியையும் தொட மாட்டார்கள். தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "இருமினா வா, இருமலைன்னா போ" என்பதுதான் எங்கள் சட்டம். போன பனிக்காலத்தில் நீங்கள் வந்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தள்ளி நின்று, "வெண்டல் லுசியர், நான் மார்னா ஹௌகன். படைவீரருக்கு வீடு பார்த்துக் குடுக்குற ஆபீஸ்ல இருந்து வரேன். உள்ள வரல. பேசணும்னா பேசலாம், இல்லைன்னா இந்தக் காப்பிய வெச்சிட்டுப் போறேன்" என்றீர்கள். நான் இருமியது அதற்காகத்தான். காப்பிக்காக இல்லை, அது படுமட்டம்.

இங்கே வீட்டுக்காரர் ராஸ்முஸனிடம் இன்னொரு சாவி இருக்கிறது. போன வாரம் ஹீட்டர் பார்க்கவென்று சத்தமில்லாமல் கதவைப் பாதி திறந்துவிட்டார். அன்று முழுக்க நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் உத்தரவுப்படி குளித்துவிட்ட
சார்ஜென்ட் வெண்டல் லுசியர்

---

ஹால்வர் பே
11 அக்டோபர் 2018

அன்புள்ள சார்ஜென்ட்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த வாத்துகளைத் தைத்தது என் அம்மா. நீங்கள் சொன்னதை அவரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்து முயல் தைத்து அனுப்புவார்.

ராஸ்முஸனிடம் பேசிவிட்டேன். "அதுக்கென்னம்மா, இனிமே பாட்டே பாடிக்கிட்டுப் படியேறுறேன்" என்றார். மனிதர் கெட்டவரில்லை, மறதிக்காரர்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் கொடுப்பதால், பனிக்காலம் முடிவதற்குள் ஓர் ஆய்வாளர் வந்து குழாய், ஜன்னல், புகை வந்தால் அலறும் மணி எல்லாம் பார்ப்பார். அவர் வரும் நாளில் நானும் வருவேன். படிக்கட்டில் நின்று நான்தான் முதலில் உங்கள் பெயரைக் கூப்பிடுவேன். நீங்கள் இருமிய பிறகுதான் அவர் கதவுப் பக்கமே போவார். இது என் வாக்கு.

பதிலுக்கு நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். கோட்டைத் தரையில் போட்டுவிட்டுக் கட்டிலில் படுங்கள். பூட்ஸைக் கழற்றுங்கள். வீடு கிடைத்த பலர் அதைத் தக்கவைக்க முடியாமல் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தரையில் படுப்பவர்தான் முதலில் போவார். காவல் காக்கும் வேலையை இனி என்னிடம் விடுங்கள்.

அன்புடன்,
மார்னா ஹௌகன்

---

ஹால்வர் பே
20 ஜனவரி 2019

அன்புள்ள மேடம்,

வெளியே மீசை உறைகிற குளிர். நேற்று நீங்கள் ஜெயித்தீர்கள். முதலில் ஒரு பூட்ஸை மட்டும் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மற்றதையும் கழற்றிக் கட்டிலில் படுத்தேன். கண் விழித்தபோது உங்கள் அம்மாவின் வாத்துகள் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஈராக்குக்குப் போனதிலிருந்து விடியும்வரை நான் தூங்கியதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பாலத்தடிக்குச் சூப் எடுத்துப் போனேன். ஒருத்தன், "என்னடா லுசியர், சோப்பு வாசனை தூக்குது, கல்யாணமா?" என்கிறான். அவனுக்குச் சூப்பு குறைத்துதான் ஊற்றினேன்.

இங்கே ஏரியில் தானாக விளைகிற காட்டரிசி போட்டுச் சூப் வைக்கிறேன், என் அம்மா வீட்டுப் பக்குவம். ஒரு நாள் சாப்பிட வாருங்கள். வெளியே நின்று கூப்பிட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெறுங்கால் சார்ஜென்ட்
வெண்டல்

---

ஹால்வர் பே
25 பிப்ரவரி 2019

அன்புள்ள வெண்டல்,

போலீஸ் உங்களை விட்டுவிட்டதாகவும், நீங்கள் நேராகப் பாலத்தடிக்குப் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதத்தை அங்கே வரும் சூப் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆய்வாளருக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது. வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நல்ல மனிதர். கதவைத் தட்டினாராம், பதில் இல்லை என்றதும் ராஸ்முஸன் கொடுத்த சாவியால் திறந்திருக்கிறார். நீங்கள் படுக்கையறையில் தூங்கியது அவருக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்க்க உள்ளே வந்திருக்கிறார். மற்றது உங்களுக்கே தெரியும். ராஸ்முஸன் பயந்துபோய் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்.

அன்று தவிர்க்க முடியாத காரணத்தால் என்னால் வர முடியவில்லை. மிகவும் வருந்துகிறேன். தயவுசெய்து எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
மார்னா

---

பாலத்தடி
1 மார்ச் 2019

அன்புள்ள மேடம்,

நீங்கள் ஏன் இப்படி வருந்துகிறீர்கள். அன்று பெய்த பனியில் மலைப்பாதை மூடியிருக்கும், உங்கள் ஓட்டைக் கார் எங்காவது மாட்டியிருக்கும். வழியெல்லாம் பதறியிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை.

தப்பு என்னுடையது. கண் திறந்தால் காலடியில் ஓர் ஆள். அடுத்து எனக்கு நினைவிருப்பது, அவர் தரையில் கிடக்கிறார், என் முழங்கால் அவர் முதுகில் இருக்கிறது. "ஐயா, நான் ஜன்னல் பாக்க வந்தவன், ஜன்னல் பாக்க வந்தவன்" என்று அழுகிறார். என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் வயது கம்மியாக இருக்கும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை மேடம். ஈராக்கில், ரமாதி நகரத்தில் என் வேலை என்ன தெரியுமா? கதவை உடைத்து முதலில் உள்ளே போவது. எத்தனையோ வீடு. ஒரு வீட்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கே ஆண்கள் படுக்கையிலிருந்து எழுந்து வெறுங்காலோடு நிற்பார்கள். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், காலைத்தான் பார்ப்பேன். அந்தக் கால்கள் என்னோடு வந்துவிட்டன. அதனால்தான் பூட்ஸைக் கழற்ற அவ்வளவு நாளாயிற்று.

சாவியை ராஸ்முஸனுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு லாயக்கில்லாதவன் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு என்னால் தலைகுனிவு வந்திருந்தால் மன்னியுங்கள்.

என்றும் மரியாதையுடன்,
வெண்டல்

---

ஹால்வர் பே
4 மார்ச் 2019

வெண்டல்,

நீங்கள் மன்னிப்புக் கேட்டதைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பனி இல்லை. கார் மாட்டவில்லை.

அன்று நகர மண்டபத்தில் ஒரு விழா. இந்த ஊரில் இனி வீடில்லாத படைவீரர் ஒருவர்கூட இல்லை என்று அறிவித்தார்கள். கேக் வெட்டினார்கள். அதிக நாள் பாலத்தடியில் இருந்தவரை வீட்டில் குடிவைத்ததற்காக எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதாவது உங்களுக்காக.

ஆய்வை அன்றைக்கே மாற்றிவிட்டார்கள் என்பது எனக்குக் காலையிலேயே தெரியும். ஓடி வந்திருக்கலாம். ஆய்வாளருக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெண்டல்தான் இப்போது கட்டிலில் தூங்குகிறாரே, சரியாகிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுப் போனேன். அந்த நேரத்தில் உங்கள் பெயரைக் கூப்பிட அங்கே ஆளில்லை. ராஸ்முஸன்கூட நான் வருவேன் என்று நம்பித்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் பனி தள்ளப் போயிருக்கிறார்.

பூட்ஸைக் கழற்றச் சொன்னதும் நான். வராமல் போனதும் நான். பிறகு "தவிர்க்க முடியாத காரணம்" என்று எழுதியதும் நான்தான்.

இவ்வளவையும் அப்படியே எழுதி என் மேலதிகாரியிடமும் ராஸ்முஸனிடமும் கொடுத்துவிட்டேன். என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை, அது பிறகு. ராஸ்முஸன் அதை இரண்டு முறை படித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஆளு வந்து கையெழுத்துப் போட்டா வீடு அவருதுதான். அதுக்கு மேல வீட்டைக் காலியா வெச்சிருந்தா, கடன் குடுத்த வங்கிக்காரன் பொறுக்க மாட்டான்" என்றார். உங்கள் சாவி அவர் மேசையில் இருக்கிறது.

நேற்றும் இன்றும் பாலத்தடிக்கு வந்தேன். தள்ளி நின்று கூப்பிட்டேன். இருமல் கேட்கவில்லை, திரும்பிவிட்டேன். தயவுசெய்து என் மேலுள்ள கோபத்தில் வீட்டை விட்டுவிட வேண்டாம்.

மார்னா

---

பாலத்தடி
6 மார்ச் 2019

மார்னா,

இத்தனை நாள் மேடம் என்று எழுதியவன் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். உள்ளே வரப்போவது கசப்பான சேதி, அதனால் நம் முறைப்படி முதலில் பெயர்.

நீங்கள் கூப்பிட்டது கேட்டது, இரண்டு நாளும். கூடாரத்துக்குள்தான் இருந்தேன். உண்மையாகவே இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, உங்கள் முகத்தில் முழிக்க வெட்கம். கடிதத்தைப் படித்த பிறகுதான் கோபம் வந்தது. கேக்கை நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போடுவேன். வீடு வேண்டும். குளிரில் என் கால்விரல் ஒன்று கறுத்துவிட்டது, ரோஷம் பார்த்தால் மற்றதும் போகும். ஆய்வாளர் வீட்டுக்குப் போய்த் தெருவிலேயே நின்று கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கப்போகிறேன். வெளியே வந்தால் வரட்டும்.

ஆனால் நீங்கள் இனி வர வேண்டாம். உங்கள் இடத்தில் வேறு ஒருவரைப் போடச் சொல்லி உங்கள் மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். உங்களை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். பாலத்தடியில் இன்னும் கூடாரங்கள் இருக்கின்றன, விழாவில் என்ன சொன்னாலும். இது பழிவாங்கல் இல்லை. நீங்கள் காவல் இருப்பதாகச் சொன்னீர்கள், நான் தூங்கினேன். இனி படிக்கட்டில் உங்கள் குரல் கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. மன்னித்துவிட்டேன், அது வேறு. தூக்கம் என் சொல் கேட்காது.

வாத்துத் திரைச்சீலை இருக்கட்டும். உங்கள் அம்மாவிடம் நன்றி சொல்லுங்கள். சூப்புக்கு உங்களைக் கூப்பிட்டது நிறைவேறவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான்.

புதிதாக வருகிறவருக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தக் குரலில் பெயரைச் சொல்ல வேண்டும் என்று. அதை உங்களைப் போல் செய்தவர் யாருமில்லை.

வெண்டல் லுசியர்