அந்த அண்ணிக்கு என்ன வேண்டும்?

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஒரு உதவி வேண்டும். என் ஞாயிற்றுக்கிழமைத் திரைக்கதை வகுப்பில் ஒரு போட்டி. படக் கம்பெனி ஒன்று ஒன்லைன் கேட்கிறது. முழுக் கதையும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். ஒருவர் வரியை இன்னொருவர் திருத்துவதுதான் வகுப்பில் முறை. எனக்கு ஜோடியாக வந்தவரோ எதைக் காட்டினாலும் "சூப்பர் பிரதர், கை வைக்காதீங்க" என்கிறார். அதனால் உங்களிடம் வருகிறேன். கல்லூரியில் நாடகம் எழுதிய கை உங்களுடையது. மனசு நோகுமே என்று பொய் சொல்லவும் உங்களுக்கு வராது. நீங்களும் ஒரு வரி எழுதுங்கள். நான் பழி வாங்க வேண்டாமா?

போனில் வேண்டாம். பேச்சில் என்றால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். தாளில் தப்ப முடியாது.

என் வரி: "அண்ணனை இழந்த ஒரு லிப்ட் மெக்கானிக், துயரத்தையும் வெறுமையையும் கடந்து தன்னைக் கண்டடைகிறான்."

கிழியுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

கிழித்தாயிற்று.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் வரியைச் சத்தமாக வாசித்தேன். எங்கள் மருந்தகக்காரர் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "கண்டடைகிறான்னா என்னத்தைங்க? தொலைஞ்ச சாவியையா?" எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. கோபிக்காதே, நியாயமான கேள்வி.

துயரம், வெறுமை எல்லாம் சரி. கேமராவை எங்கே வைப்பாய்? இவனுக்கு என்ன வேண்டும்? யார் குறுக்கே நிற்கிறார்கள்? தோற்றால் எது போகும்? இதெல்லாம் இல்லாத வரி ஆளில்லாத லிப்ட் மாதிரி. மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், யாரையும் எங்கேயும் சேர்க்காது.

அத்தையிடம் சொல், முழங்காலுக்கு அந்தத் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மருந்தகக்காரருக்கு என் கண்டனம். சாவி விஷயத்தை வகுப்பில் சொல்லிவிட்டேன். இப்போது அங்கே என் பெயரே "சாவி" ஆகிவிட்டது.

ஆனால் அந்தக் கேள்விகள் என்னை விடவில்லை. ஒரு அடுக்குமாடியில் லிப்டைப் பழுது பார்க்கப் போய், எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டு யோசித்தேன். கீழே குடியிருப்புச் சங்கச் செயலாளர் "தம்பி, முடிஞ்சுதா?" என்று கத்த, நான் "வில்லன் இன்னும் கிடைக்கலை சார்" என்றேன். மனிதர் பயந்துவிட்டார்.

புதிய வரி: "அண்ணன் இறந்த பின் அண்ணி வீட்டை விற்கப்போவதை அறிந்த ஒரு லிப்ட் மெக்கானிக், அண்ணன் வாழ்ந்த அந்த வீட்டைக் காப்பாற்றப் போராடுகிறான்."

இது கதை, அண்ணி. உங்களைச் சொல்லவில்லை.

உங்கள் தம்பி


மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

தேறிவிட்டாய்! இப்போது இவனுக்கு ஒன்று வேண்டும். அதைத் தடுக்க ஒரு ஆளும் இருக்கிறாள். வாசித்ததும் அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரே குறை. அந்த அண்ணி. அவள் ஏன் விற்கிறாள்? உன் வரியில் அவள் கதவில் தொங்கும் பூட்டு மாதிரி இருக்கிறாள். தம்பிக்குத் தடை என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலையே இல்லை. நல்ல கதையில் குறுக்கே நிற்கிறவருக்கும் ஒரு ஆசை இருக்கும். இருவரும் நியாயமாக இருந்தால்தான் பார்க்கிறவனுக்கு மனசு கேட்காது.

அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசி.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடன் என்று வைத்தேன், சீரியல் மாதிரி ஆனது. நோய் என்று வைத்தேன், அம்மா கேட்டுவிட்டு, "அவளை ஏன்டா படுக்க வைக்கிறே? பாவம், நல்லா நடமாடிட்டு இருக்கட்டும்" என்று கரண்டியோடு வந்துவிட்டாள்.

என் வரியையே சுற்றிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை. அதனால் இதை நீங்களே எழுதுங்கள். அண்ணியின் பக்கம் நின்று ஒரே ஒரு வரி. அவளுக்கு என்னதான் வேண்டும்?

உங்கள் தம்பி


ஏப்ரல் 26

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமானதற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். வேலை எப்போதும் போலத்தான் இருந்தது. எழுதினேன், அனுப்பவில்லை.

என் வரி இது: "கணவனை இழந்த ஒரு பெண், கூட வேலை பார்க்கும் ஒருவரை மணக்க விரும்பி, மகனைப் போல நேசிக்கும் கொழுந்தனிடம் அதற்கு அனுமதி கேட்கத் துணிகிறாள்."

இது கதை இல்லை, தம்பி. மருந்தகக்காரரைப் பற்றித்தான் சொல்கிறேன். நல்ல மனிதர். உன் அண்ணனைப் பற்றி நான் பேசும்போது பேச்சை மாற்றாமல் கேட்பவர். அவர் கேட்டு ஆறு மாதமாகிறது. "முதல்ல உங்க வீட்ல சொல்லுங்க, நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உங்க வீட்ல என்றால் நீயும் அத்தையும்தான். எனக்கு வேறு யார்? அதற்குப் பிறகும் நீ என்னை அண்ணி என்று கூப்பிடுவாயா? அதைத்தான் கேட்க முடியாமல் இருந்தேன்.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், முதலில் கோபம் வந்தது. பிறகு அண்ணன் சட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அம்மாதான் கடிதத்தைப் பிடுங்கி வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "சாவின்னு சொல்லி அவளைச் சிரிக்க வச்சது இந்த ஆளு தானேடா?" ஆமாம் என்றேன். "அப்புறம் என்ன" என்று மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போனாள்.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். பழி வாங்கும் நேரம்.

"அனுமதி கேட்க" என்பதை அடித்துவிட்டேன். அவள் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்? "சொல்ல" என்று போட்டிருக்கிறேன். "மகனைப் போல நேசிக்கும்" சரி, அதில் கை வைக்கவில்லை.

பெரிய குறை வேறு. தடை போதாது. அந்தக் கொழுந்தனை நம்பி இரண்டரை மணி நேரப் படம் எடுக்க முடியாது, அண்ணி. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். அதற்கு மேல் தாங்க மாட்டான். இடைவேளைக்கு முன்பே படம் முடிந்துவிடும்.

என் வரியையும் மாற்றி நேற்றுப் போட்டிக்கு அனுப்பிவிட்டேன். "புது வாழ்க்கைக்காக வீட்டைக் காலி செய்யும் அண்ணிக்குப் பெட்டி கட்ட உதவ வரும் தம்பி, அண்ணனின் ஒரு பொருளையும் விட மனமில்லாமல் ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கிறான்." வகுப்பில் என் ஜோடி முதல் தடவையாக "சூப்பர்" சொல்லவில்லை. "அப்புறம்?" என்று கேட்டார்.

நாள் முடிவானதும் எழுதுங்கள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து நான்தான். அம்மா இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டாள்.

நீங்கள் என்றைக்கும் அண்ணிதான். அதில் திருத்தம் கிடையாது. சிக்கல் அவரைக் கூப்பிடுவதில்தான். அண்ணியின் கணவர் என்றால் அண்ணன் என்றுதான் முறை. அந்தச் சொல் இன்னும் என் வாயில் ஒரே ஒருவரைத்தான் கூப்பிடுகிறது. கொஞ்ச நாளைக்கு "சார்" என்கிறேன். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி